குறைமாதக் குழவியும் வினைக்கொள்கையும்

நிறைமாதம் எய்துமுன் ஒருத்தி மகவு ஈன்றாள் என்ற செய்தி வந்தவுடன் நம்மவர் வாயில் முதலில் எழும் வினா, "குழந்தை எப்படி இருக்கின்றது?" என்பதன்று, "இது யார் செய்த பாவமோ?" என்பதே. கேட்பவர் கொடியவர் அல்லர். பெரும்பாலும் அவர் அக்குழந்தையின் பாட்டியாகவோ, அத்தையாகவோ, பக்கத்து வீட்டு மூதாட்டியாகவோ இருப்பார். கண்ணீரோடுதான் கேட்பார். ஆயினும் அவ்வினா பாயில் கிடக்கும் தாயின் செவியில் விழுகின்றது. பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டுவிட்டு வெறுங்கையோடு படுத்திருக்கும் அவள், தன் நினைவையெல்லாம் பின்னோக்கி ஓட்டிக் குற்றம் தேடத் தொடங்குகிறாள். அன்று குடம் தூக்கினோமே, அதனாலா? மாமியாரோடு பேசாதிருந்தோமே, அதனாலா? அதற்கும் விடை கிட்டாதபோது, முற்பிறவி என்னும் இருட்டறைக்குள் நுழைந்துவிடுகிறாள். அங்கே எந்தக் குற்றத்தையும் தன்மீது சுமத்திக்கொள்ளலாம். மறுப்பதற்குச் சாட்சி எவரும் இல்லை.

தன்மத்தைத் தழுவிய நாம் இவ்வினாவை என் செய்வது? வினையும் மறுபிறப்பும் நம் நூல்களிலும் பேசப்படுகின்றனவே. ஆதலின் பாட்டியின் வினா நமக்கும் உடன்பாடுதானா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், பேசப்படும் பொருள் இன்னதென்று தெளிதல் வேண்டும். கருவுற்ற முப்பத்தேழு வாரம் நிறைவதற்குள் உயிரோடு பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்பர். இருபத்தெட்டு வாரத்திற்கு முற்பட்டவை மிகமிகக் குறைந்தவை. முப்பத்திரண்டு வாரத்திற்குமேல் பிறப்பவை ஓரளவு தேறியவை. இவ்விரண்டாம் வகையினவே மிகப்பல. 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன என்று உலக சுகாதார நிறுவனமும் அதனோடு சேர்ந்தோரும் கணக்கிட்டனர். பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஒன்று என்று சொல்லலாம். அவற்றுள் சுமார் 30 லட்சம் நம் இந்தியாவில் பிறந்தவை. எந்நாட்டினும் மிகுதி இதுவே. எனவே இது நம் தெருவுக்கு அயலான செய்தி அன்று. நாம் அறிந்த குடும்பங்களில் ஒன்றிரண்டிலேனும் இது நிகழ்ந்திருக்கும், வெளியே சொல்லாதிருந்திருப்பர்.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951-இல் தோன்றியது. அதனையடுத்து 1952-இல் அங்கே தாய்மார்க்கும் குழந்தைகட்குமென்று ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது. அதற்கு ஸ்ரீ அவிட்டம் திருநாள் ஆஸ்பத்திரி என்று பெயர், எஸ்.ஏ.டி. என்று சொன்னால்தான் ஆட்டோ ஓட்டுபவருக்கும் விளங்கும். அப்பெயருக்குரியவர் திருவிதாங்கூர் அரண்மனையில் பிறந்து, ஆறு வயதில், 1944-இல் நோயால் மறைந்த சிறுவர். அரண்மனைக்கும் அத்துன்பம் வந்தது என்பது மட்டுமன்று. அத்துன்பம் ஒரு நினைவுத் தூணாக நின்றுவிடாமல் பிறர் குழந்தைகள் பிழைக்கும் இடமாயிற்று என்பதும் கருதத்தக்கது. 1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டதாயினும், நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் நோயாளரை அழைத்துக்கொண்டு வடக்கே திருவனந்தபுரத்திற்கு ஓடும் வழக்கம் மாறவில்லை. ஆகையால் அவ்வூர் மருத்துவமனைத் தாழ்வாரங்களில் மலையாளத்தோடு தமிழும் கலந்தே ஒலிக்கும். "யார் செய்த பாவமோ" என்பது இரு மொழியிலும் ஒலிக்கும்.

இனி வினைக்கு வருவோம்.

சம்யுத்த நிகாயத்தில், மோளிய சீவகர் என்னும் பரிவிராசகர் பகவானிடம் வந்து, மாந்தர் நுகரும் இன்ப துன்பம் யாவும் முன்செய்த வினையின் பயனே என்று கூறுவோரைப்பற்றிக் கேட்ட செய்தி வருகின்றது. பகவான் அக்கொள்கையை ஏற்றுக்கொள்ளவில்லை. பித்தத்தால் வரும் துன்பம் உண்டு. கோழையால் வருவது உண்டு. வாதத்தால் வருவது உண்டு. மூன்றும் கலந்து வருவது உண்டு. பருவ மாறுதலால் வருவது உண்டு. உடலைப் பேணாமையால் வருவது உண்டு. பிறர் தாக்குதலால் வருவது உண்டு. வினைப்பயனாய் வருவதும் உண்டு என்று எட்டு வகையாகப் பிரித்துக் காட்டுகின்றார். எட்டில் ஏழு, வைத்தியன் பார்க்கத்தக்கவை அல்லது கண்ணால் காணத்தக்கவை. எல்லாம் முன்வினையே என்போர், தாம் அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் தாண்டிப் பேசுகின்றனர் என்பதே அவர் முடிபு. ஒரு குழந்தை ஏன் முன்னதாகப் பிறந்தது என்று கேட்பவர் அந்த ஏழு வாயில்களையும் தட்டிப் பாராமல் எட்டாவதற்கு நேரே ஓடுவது எவ்வாறு பௌத்தமாகும்?

அங்குலிமாலர் கதையையும் நினைத்துப் பார்க்கலாம். பிச்சைக்குச் சென்ற அவர் ஒரு பெண் பேறுகாலத்தில் உழல்வதைக் கண்டு மனம் கலங்கி வந்து சொல்கிறார். அப்பெண் எவ்வினை செய்தாள் என்று குருவும் கேட்கவில்லை, சீடரும் கேட்கவில்லை. அவளிடம் போ என்றுதான் கட்டளை பிறந்தது. இத்தனைக்கும், வினையைப்பற்றிப் பேசுவதானால் அங்குலிமாலருடைய வினையன்றோ முதலில் பேசத்தக்கது! இலங்கையில் கருவுற்ற மாதருக்காக அவர் பெயரால் பரித்தம் ஓதும் வழக்கம் இன்றும் உண்டு.

நம்மவர்க்கு இவ்வாராய்ச்சி வெறும் நூலாராய்ச்சி அன்று. பிறப்பிலேயே ஒருவன் தாழ்ந்தவன், அது அவன் முற்பிறப்பில் தேடிக்கொண்டது என்னும் கொள்கையால் நசுக்கப்பட்டவர் நம் முன்னோர். சேரியில் பிறந்ததற்குக் காரணம் வினை. கிணற்றண்டை போகக்கூடாமைக்குக் காரணம் வினை. கல்வியின்மைக்குக் காரணம் வினை. 1898-இல் பண்டித அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியதும், 1956-இல் டாக்டர் அம்பேத்கர் நாகபுரியில் லட்சக்கணக்கானவரோடு தன்மம் தழுவியதும் அக்கொள்கையை உதறுவதற்காகவே. முற்பிறப்பின் வினை இப்பிறப்பை ஆள்கின்றது என்பது பகவானின் உபதேசமாக இருக்க முடியாது என்று அம்பேத்கர் தம் இறுதி நூலில் வாதிட்டார். பண்டிதரோ சித்த வைத்தியரும் ஆவார். ஆதலின் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்ப்பவருக்கு இவ்வுண்மை எளிதில் புலப்பட்டிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. இவ்வழியில் வந்த நாம், எந்தக் கோலால் நாம் அடிபட்டோமோ அதே கோலை எடுத்து ஒன்றேகால் கிலோ எடையுள்ள ஒரு சிசுவின்மீதும் அதன் தாயின்மீதும் வீசலாமா?

"வினையை நீக்கிவிட்டால் தன்மத்தில் என்ன மிஞ்சும்?" என்று ஒரு நண்பர் கேட்கலாம். வினையை நாம் நீக்கவில்லை. கம்மம் என்பது சேதனை. எண்ணித் துணிந்து செய்யும் செயல். அது நான் இனிச் செய்யவேண்டியதை எனக்குக் காட்டும் விளக்கு. பிறர் துன்பத்தின்மேல் அதைப் பிடித்து, இவர் இன்ன குற்றவாளி என்று படிக்கும் உரிமையை எவர்க்கும் எந்தச் சுத்தமும் அளித்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு வகையாலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். 1963 ஆகஸ்டு 7-ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஓர் ஆண்மகவு ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தது. பாட்ரிக் என்று பெயரிட்டனர். எடை ஏறத்தாழ 2.1 கிலோ; இன்று நம் ஊர்களில் இவ்வெடையைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. ஆனால் அக்குழந்தையின் நுரையீரல் முதிரவில்லை. உலகிலேயே செல்வாக்கு மிக்க தந்தையும் பாஸ்டன் நகரின் பெருவைத்தியர்களும் அருகிருந்தும் முப்பத்தொன்பது மணி நேரத்தில் அது மூச்சடங்கிற்று. அந்நோயின் மர்மத்தை மேரி எல்லன் ஏவரி என்ற அம்மையார் 1959-இலேயே கண்டிருந்தார்: மூச்சுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான ஒரு பொருள் அக்குழந்தைகளின் நுரையீரலில் போதியவாறு இல்லை. 1972-இல் நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹௌவி என்னும் இருவர், குறைப்பிரசவம் நேரும் என்று தெரிந்தவுடன் தாய்க்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சிசுவின் நுரையீரல் விரைந்து முதிர்கின்றதென்று காட்டினர். 1980-இல் ஜப்பானில் புஜிவாரா என்பவர் அவ்வழுவழுப்புப் பொருளையே மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்துச் சிசுவின் மூச்சுக்குழல் வழியே செலுத்தி வெற்றி கண்டார். இன்று அவ்வூசி அரசாங்க மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கும் எளிய மருந்து.

ஆகவே கேட்கின்றோம். 1963-இல் ஜனாதிபதியின் மகனைக் கொன்றது முன்வினை என்றால், அதே வினை இன்று ஒரு கூலித் தொழிலாளியின் மகனிடம் ஒரு சிறு குப்பி மருந்தால் தீர்ந்துபோவது எவ்வாறு? உலகக் கணக்கும் இதையே சொல்லுகின்றது. இருபத்தெட்டு வாரத்திற்குமுன் பிறக்கும் குழந்தைகளுள், ஏழை நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை சில நாட்களில் மடிகின்றன. செல்வ நாடுகளில் நூற்றுக்குப் பத்துகூட மடிவதில்லை. 2020-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 28 ஓராண்டு நிறையுமுன் இறந்தன. கேரளத்தில் 6 மட்டுமே. வாளையாறு தாண்டியவுடன் வினை இலேசாகி விடுகின்றதோ? "நல்ல நாட்டில் பிறப்பதும் நல்வினையே" என்று சிலர் உடனே விடை தருவர். எந்த வினாவுக்கும் பொருந்தும் விடை எதையும் விளக்குவதில்லை. அதனினும் கேடு, அவ்விடையை நம்பியவர் ஊசி மருந்து கிடைக்காத ஊருக்கு அதைக் கொண்டுபோக எழமாட்டார்.

அங்ஙனமாயின் மெய்யான காரணங்கள் யாவை? கருப்பையிலும் சிறுநீர்ப்பாதையிலும் தொற்று, தாயின் இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இரத்தச் சோகை, இரட்டைக் குழந்தைகள், மிகவும் இளம் வயதில் கருவுறுதல், ஒரு பேற்றுக்கும் அடுத்ததற்கும் இடையே போதிய காலம் விடாமை, புகையிலை ஆகியவை பலகாலும் காணப்படுபவை. இவற்றுள் எதுவுமில்லாத நலமுள்ள பெண்ணுக்கும் முன்னதாகப் பேறு நேர்வதுண்டு. வைத்தியர் எவ்வளவு ஆராய்ந்தும் காரணம் கண்டுபிடிக்க இயலாதவை மிகப்பல. தாயின் குற்றம் தேடுவோர் இதை மனத்தில் இருத்தவேண்டும். தாயிடம் சொல்லத்தக்கது வேறு. முப்பத்தேழு வாரத்திற்குள் வயிறு விட்டுவிட்டு இறுகினாலும், இடுப்பின் கீழ் ஓயாத வலி எடுத்தாலும், நீர் கசிந்தாலும், உதிரம் பட்டாலும், தலைவலியோடு கண் மங்கி முகம் வீங்கினாலும், விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். முன்கூறிய ஊசி பயன் தரச் சில மணி நேரமாவது வேண்டும். ஒரு நாள் கிடைத்தால் மிக நன்று. நல்ல நேரம் பார்த்துப் புறப்படுவோர் இழப்பது அந்த நேரத்தையே.

நிற்க. குழந்தை பிறந்தபின் நடப்பதில்தான் நம் கவனம் மிகுதியும் வேண்டும்.

1978-இல் தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரிலிருந்த ஓர் ஏழை மருத்துவமனையில் சூட்டுப்பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று சிசுக்களைக் கிடத்தினர். ஒன்றின் நோய் மற்றொன்றைப் பற்றிற்று. எட்கர் ரே சனாப்ரியா என்ற வைத்தியர், தாயின் மார்பிலேயே குழந்தையைத் தோலோடு தோலாக நிமிர்த்திக் கட்டி வைக்கச் சொன்னார். ஹெக்டர் மார்ட்டினெஸ் என்பவர் அவரோடு சேர்ந்து இம்முறையை வளர்த்தார். கங்காரு என்னும் விலங்கு குட்டியைப் பையில் சுமப்பதை நினைத்து அதற்குப் பெயரிட்டனர். பெட்டி இல்லாதவர் செய்துகொண்ட ஏற்பாடு என்று செல்வ நாட்டார் நெடுங்காலம் இதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர், டில்லி சப்தர்ஜங் மருத்துவமனையிலும் ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளிலும் 3,211 குழந்தைகளிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு கிலோவுக்குக் குறையாமலும் 1.8 கிலோவை எட்டாமலும் இருந்த சிசுக்களை, உடல்நிலை தேறும்வரை காத்திராமல் பிறந்தவுடனேயே தாயின் மார்பில் சேர்த்தனர். அவ்வாறு சேர்க்கப்பட்டவற்றில் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. பயன் அவ்வளவு தெளிவாக இருந்ததால், மறு பகுதிக் குழந்தைகட்கு அதை மறுப்பது தகாது என்று சோதனையை இடையிலேயே நிறுத்தினர். முடிவு 2021-இல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம், குறைமாதக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி முதல் இருபத்துநான்கு மணி வரை, கூடுமானமட்டும் மிகுதியாக, இம்முறையைக் கைக்கொள்ளுமாறு கூறிற்று.

தாய் உடல்நலமின்றி இருந்தால் தந்தையோ பாட்டியோ சட்டையைத் திறந்து குழந்தையை மார்பில் ஏற்றுக்கொள்ளலாம். இங்கேதான் நம் வீட்டுப் பழக்கம் குறுக்கே நிற்கின்றது. பேறுற்ற பெண்ணைத் தீட்டு என்று ஒதுக்கி வைப்பதும், ஆண்மகன் கைக்குழந்தையைத் தொடுவது அழகன்று என்பதும் நாம் விட்டுவந்த சமயத்தின் மிச்சங்கள். பெயரை மாற்றிக்கொண்டோம், தீட்டை மட்டும் பெட்டியில் பூட்டி உடன்கொண்டு வந்திருக்கின்றோமோ என்று ஐயுறவேண்டியிருக்கிறது.

உயிர் பிழைத்ததோடு கதை முடிந்துவிடுவதில்லை என்பதைத் திருவனந்தபுரம் நமக்குக் கற்பித்திருக்கின்றது. அங்கே குழந்தை வளர்ச்சி மையத்தைத் தோற்றுவித்த டாக்டர் எம்.கே.சி. நாயரும் அவர்தம் குழுவினரும் 1991-இல் ஒரு சிறு அட்டவணையை வெளியிட்டனர். திருவனந்தபுரம் வளர்ச்சிக் கணிப்பு அட்டவணை என்று அதைச் சொல்லலாம். பிறந்ததுமுதல் இரண்டு வயதுவரை ஒரு குழந்தை செய்யவேண்டிய பதினேழு செயல்கள் அதில் உள்ளன. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலை நிறுத்திப் பிடிக்கவேண்டும். பென்சிலுக்கு இடப்புறம் முடிந்துபோன செயல் எதையாவது குழந்தை இன்னும் செய்யவில்லை என்றால், வைத்தியரிடம் காட்டவேண்டும். கருவி என்று வேண்டுவது ஒரு பேனாவும் ஒரு சாவிக்கொத்தும். நேரம் சில நிமிடங்கள். அங்கன்வாடி ஊழியரும் செய்யலாம். எந்திரங்களைப் புகழ்ந்து சலிக்காத இக்காலத்தில், சாவிக்கொத்தின் ஓசைக்கு ஒரு சிசு தலையைத் திருப்புகின்றதா என்று பார்ப்பதில் உள்ள அறிவு எம்மை மிகவும் கவர்ந்தது. எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய, கவலைக்கிடமாயிருந்த குழந்தைகளின் தாய்மார்க்கு, வீட்டிலேயே குழந்தையைத் தொட்டும் பேசியும் விளையாட்டுக் காட்டியும் தூண்டிவிடும் பயிற்சியை அம்மையத்தார் அளித்தனர். ஓராண்டிலும் ஈராண்டிலும் அக்குழந்தைகளின் வளர்ச்சி மற்றவற்றினும் மேம்பட்டிருந்ததை ஒப்பிட்டுக் காட்டி 2009-இல் வெளியிட்டனர்.

பெற்றோர் அறிந்திருக்கவேண்டியவை இரண்டு இங்கே உண்டு. வயதைக் கணக்கிடும்போது பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்கவேண்டிய நாளிலிருந்து எண்ணவேண்டும். இரண்டு மாதம் முன்னே வந்த குழந்தை ஆறாம் மாதத்தில் நான்கு மாதக் குழந்தையின் வேலையைச் செய்தால் அது பின்தங்கியதன்று. மற்றொன்று கண். முப்பத்துநான்கு வாரத்திற்கு முன்போ இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தையின் விழித்திரையைப் பிறந்த முப்பது நாளுக்குள் கண்வைத்தியரைக் கொண்டு பார்த்துவிடவேண்டும். உயிர்காக்கக் கொடுத்த பிராணவாயுவே மிகுந்தபோது விழித்திரையைக் கெடுப்பதை 1950-களில் மேனாட்டார் பல்லாயிரம் குழந்தைகளின் பார்வையை இழந்தபின் அறிந்தனர். காலத்தில் கண்டால் சிகிச்சை உண்டு. வீட்டுக்கு வந்துவிட்ட மகிழ்ச்சியில் இந்த முப்பதாம் நாளைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

குடும்பத்தின் நிலை என்ன? 2011-இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தால் அரசாங்க மருத்துவமனைகளில் நோயுற்ற சிசுவுக்குச் சிகிச்சையும் மருந்தும் வண்டியும் இலவசம். ஆனால் தாழ்வாரத்தில் காத்துக்கிடக்கும் தந்தையின் நாட்கூலி எத்திட்டத்திலும் இல்லை. வாரக்கணக்கில் அவர் வேலையிழப்பார். வீட்டில் விட்டுவந்த மூத்த குழந்தைக்குச் சோறு யார் போடுவது? பால் சுரக்கவேண்டிய தாய் தானே உண்டாளா? நம் சங்கத்தார் பிணியாளரைக் காணச் செல்லும்போது பழத்தட்டும் உபதேசமும் கொண்டுபோகாமல், மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பையும் ஒருவேளைச் சோற்றுப் பாத்திரத்தையும் கொண்டுபோகலாம். கை கழுவாமலும் இருமலோடும் சிசுவின் அருகே போகாதிருப்பதும் தானமே.

குழந்தை தங்காமற்போன வீடும் உண்டு. அங்கே நம்மவர் கிசாகோதமியின் கதையைச் சொல்லித் தேற்ற முற்படுவர். அக்கதையை நன்கு படிக்கவேண்டும். பகவான் அவளை நோக்கி அழாதே என்றாரில்லை. சாவு எல்லோர்க்கும் பொது என்று தாமே சொல்லி அனுப்பிவிடவும் இல்லை. வீடுவீடாகப் போகச் செய்தார். ஒவ்வொரு வீட்டாரும் தம் இழப்பை அவளிடம் சொன்னார்கள். அவளும் தன் இழப்பைச் சொன்னாள். மாலைவரை பிள்ளை அவள் இடுப்பில்தான் இருந்தது. "போகட்டும், அடுத்தது நன்றாகப் பிறக்கும்" என்று வாயிலிலேயே முடித்துவிடுகிறவர் அந்த வீடுகளில் ஒன்றுமல்லர்.

2022-இல் மத்திய அரசு தன் பெண் ஊழியர்க்கு, குழந்தை இறந்து பிறந்தாலும் பிறந்தவுடன் இறந்தாலும் அறுபது நாள் விடுப்பு அளித்தது. துயருக்கும் காலம் வேண்டும் என்று சட்டம் ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம். முந்திரி ஆலையிலும் செங்கற் சூளையிலும் நிற்கும் பெண்ணுக்கு அது எட்டவில்லை. அவளுக்குப் பதில் சில நாள் நிற்க ஒருத்தி கிடைத்தாலன்றி அவள் மறுவாரமே வேலைக்குப் போவாள்.

மேலும் ஒன்று. ஒரு மணி நேரமே மூச்சுவிட்ட குழந்தையாயினும், எத்தனை வாரத்ததாயினும், அது உயிரோடு பிறந்த குழந்தை. சட்டப்படி அதற்குப் பிறப்புப் பதிவும் உண்டு, இறப்புப் பதிவும் உண்டு. இரண்டுக்கும் காலக்கெடு இருபத்தொரு நாள். வீட்டார் கலங்கிக் கிடக்கும்போது அலுவலகத்திற்கு நடக்க ஆள் இராது. நம்மில் ஒருவர் போய் அப்படிவத்தை வாங்கிவரலாம். பெயர் எழுதும் இடத்தை வெற்றாக விட்டும் பதிவு செய்யலாம். ஆயினும் விடுவதற்குமுன் அந்தத் தாயிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அவள் மனத்தில் ஒரு பெயர் வைத்திருப்பாள்.